பிறர் எழுதிய நிரலும் அதன் மூலப்பத்திரமும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் புதுச்சேரி, கடலூர் வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை. யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதும்போது, பிறர் எழுதிய நிரலை அதில் எப்படி முறையாகச் சேர்ப்பது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த மாதத்துக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கே முழு இடத்தையும் தருகிறேன்.

கேள்வி: நாங்கள் கடலூர் முதுநகரில் வசிக்கும் பொறியியல் மாணவர்கள் நால்வர். விசைப்படகு கடலுக்குப் போய்த் திரும்பியதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிஞ்சிய தொகையை உரிமையாளருக்கும் தொழிலாளர்களுக்கும் பங்கு பிரித்துக் காட்டும் ஆண்ட்ராய்டு செயலி ஒன்றை எழுதியிருக்கிறோம். மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஆம் தேதி முடிவதற்குள் அதை ஜி.பி.எல். 3 உரிமத்தில் (மாற்றி வழங்குகிறவரும் அதே உரிமத்தில்தான் வழங்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை) வெளியிட விரும்புகிறோம். அதில் பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகள், அதாவது லைப்ரரிகள், 14 உள்ளன. அவற்றின் உரிமங்களில் பெரும்பாலானவை எம்.ஐ.டி., சில அப்பாச்சி 2.0, ஒன்று ஜி.பி.எல். 2. அமாவாசை, பௌர்ணமி நாள்களைக் கணக்கிடும் சிறு நிரல் ஒன்றில் மட்டும் உரிமம் என்று எதுவும் எழுதப்படவில்லை. நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருந்ததால் எடுத்துக்கொண்டோம். இது சரியா?

பதில்: கடைசியாகச் சொன்ன அந்தச் சிறு நிரலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பட்டியலில் உண்மையான வில்லங்கம் அதில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் மனை வாங்குகிறவர்கள் மூலப்பத்திரத்தைப் பார்த்து, வில்லங்கச் சான்றும் எடுத்த பிறகே முன்பணம் கொடுக்கிறார்கள். வேலி போடாமல் கிடக்கிறது என்பதற்காக யாரும் அடுத்தவர் மனையில் அஸ்திவாரம் தோண்டுவதில்லை. நிரலுக்கும் அதே நியாயம்தான் பொருந்தும். 1957-ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்த்திருக்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை எழுதியவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்ய வேண்டியதில்லை, 'உரிமை ஆசிரியருக்கே' என்று அச்சிட வேண்டியதும் இல்லை. ஆகவே உரிமம் குறிப்பிடப்படாத நிரல் என்பது, எடுத்துக்கொள்ள யாருக்கும் அனுமதி தரப்படாத நிரல் என்றே பொருள்படும். கிட்ஹப்பில் பொதுவில் வைக்கிறவர், அந்தத் தளத்துக்குள் மற்றவர்கள் அதைப் பார்க்கவும் ஃபோர்க் செய்யவும் (தம் கணக்கில் படியெடுத்துக்கொள்ளவும்) மட்டுமே சம்மதிக்கிறார். உங்கள் செயலியில் சேர்த்து முதுநகர் துறைமுகத்தில் உள்ளவர்களுக்கு வழங்குவதற்கு அந்தச் சம்மதம் போதாது.

இதற்கு வழி எளிது. இன்றே அவருக்கு நான்கு வரி எழுதுங்கள்: "உங்கள் நிரலை மீனவர்களுக்கான எங்கள் இலவசச் செயலியில் பயன்படுத்த விரும்புகிறோம். அதற்கு எம்.ஐ.டி. போன்ற ஓர் உரிமத்தை நீங்கள் குறிப்பிட்டால் எங்களுக்கும் பிறருக்கும் உதவியாக இருக்கும்." பலரும் உரிமக் கோப்பைச் சேர்க்க மறந்தவர்கள்தாம், கேட்டால் மகிழ்ச்சியோடு சேர்ப்பார்கள். மின்னஞ்சலில் மட்டும் 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். அந்த அனுமதி உங்களுக்கு மட்டுமா, உங்களிடமிருந்து வாங்குகிறவர்களுக்கும் சேர்த்தா என்ற ஐயம் எஞ்சியிருக்கும். உரிமக் கோப்பை, அவர் நிரலை வைத்திருக்கும் கிட்ஹப் களஞ்சியத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். பதில் வரவில்லையென்றால் அந்தக் கோப்பை நீக்கிவிட்டு, நிலவின் பிறைநாளைக் கணக்கிடும் சூத்திரத்தை வானியல் நூலிலிருந்து எடுத்து நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சூத்திரம் யாருக்கும் சொந்தமில்லை. அதை நிரலாக எழுதிய விதம்தான் ஒருவருக்குச் சொந்தம். ஆனால் அந்தப் பழைய கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு மாறிகளின் பெயரை மட்டும் மாற்றினால் அது புதிதாக எழுதியதாகாது.

இனி உரிமம் உள்ளவற்றுக்கு வருவோம். எம்.ஐ.டி. உரிமம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: பதிப்புரிமை வரியும் அனுமதி வாசகமும் எல்லாப் பிரதிகளிலும் இருக்க வேண்டும். எல்லாப் பிரதிகளிலும் என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் களஞ்சியத்தில் அந்தக் கோப்பு இருக்கிறது என்பதால் கடமை முடிந்துவிடவில்லை. படகு உரிமையாளரின் கைபேசிக்குப் போகும் ஏ.பி.கே. கோப்பும் ஒரு பிரதிதான். செயலிக்குள் 'உரிமங்கள்' என்று ஒரு பக்கம் வைத்து, ஒவ்வொரு லைப்ரரியின் பெயர், ஆசிரியர், உரிம வாசகம் ஆகியவற்றை முழுமையாகக் கொடுங்கள். நான் பார்த்த மாணவர் திட்டங்களில் மிகப் பெரும்பாலானவை தவறுவது இந்த இடத்தில்தான்.

அப்பாச்சி 2.0 இன்னும் சிலவற்றைக் கேட்கிறது. மூல நிரலோடு 'நோட்டீஸ்' என்ற பெயரில் ஒரு கோப்பு வந்திருந்தால் அதிலுள்ள பெயர்க் குறிப்புகளையும் உடன் கொண்டுசெல்ல வேண்டும். நீங்கள் திருத்திய கோப்புகளில் திருத்தியிருக்கிறீர்கள் என்பதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். அதோடு, பங்களித்தவர்கள் தங்கள் பங்களிப்பைத் தொடும் காப்புரிமைகளைப் பயன்படுத்தவும் இதில் அனுமதி தருகிறார்கள். (காப்புரிமை என்று நான் சொல்வது பேடண்டை. பத்திரிகைகள் பதிப்புரிமையையும் காப்புரிமை என்றே எழுதிவருவது, இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர்களைப் பெரிதும் குழப்புகிறது.) இந்தக் காப்புரிமை விதிகளின் காரணமாகவே, அப்பாச்சி 2.0 நிரலை ஜி.பி.எல். 2 நிரலோடு கலக்க முடியாது என்றும், 2007-இல் வந்த ஜி.பி.எல். 3-ஓடு கலக்கலாம் என்றும் ஜி.பி.எல்.-ஐ வெளியிட்ட கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொல்கிறது. நீங்கள் 3-ஆம் பதிப்பைத் தேர்ந்தெடுத்தது நல்லதாயிற்று.

ஆனால் உங்களிடம் உள்ள அந்த ஒரு ஜி.பி.எல். 2 லைப்ரரியை உடனே திறந்து, கோப்பின் தலையில் உள்ள வாசகத்தைப் படியுங்கள். '2 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு' என்று இருந்தால் கவலையில்லை. 3-ஆம் பதிப்பின்கீழ் எடுத்துக்கொள்ளலாம். '2 மட்டும்' என்று இருந்தால் அது உங்கள் ஜி.பி.எல். 3-ஓடும் சேராது, உங்கள் அப்பாச்சி லைப்ரரிகளோடும் சேராது. வேறொன்றைத் தேட வேண்டியதுதான். மேலும், 14 என்று நீங்கள் எண்ணியவை நீங்கள் நேரே அழைத்தவை மட்டுமே. அவை ஒவ்வொன்றும் தமக்குத் தேவையானவற்றை இழுத்து வந்திருக்கும். செயலியைக் கட்டும் கருவியான கிரேடிலிடம் முழுச் சார்புப் பட்டியலையும் கேட்டு வாங்கி, அதையும் ஒருமுறை வரி வரியாகப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். நண்பர்கள் சேர்ந்து எட்டு ஆண்டுகளாகப் பராமரிக்கும் தமிழ் உரைத் திருத்தி ஒன்றை லினக்ஸ் விநியோகம் ஒன்றில் சேர்க்க முயன்றோம். எந்தக் கோப்பு யாருடையது என்று கேட்கிறார்கள். எங்களுக்கே நினைவில்லை. என்ன செய்வது?

பதில்: கேட்பவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். எடுத்துக்காட்டாக, டெபியன் என்ற லினக்ஸ் விநியோகத்தில் ஒவ்வொரு தொகுப்போடும் 'காப்பிரைட்' என்ற கோப்பு ஒன்று கட்டாயமாக இருக்க வேண்டும். எந்தக் கோப்புக்கு யார் உரிமையாளர், என்ன உரிமம் என்பதை அதில் எழுதியாக வேண்டும். தொகுப்பவர் அதற்காகத்தான் கேட்கிறார்.

இதே நிலையில் நான் ஒருமுறை அகப்பட்டிருக்கிறேன். நாங்கள் மூவர் எழுதிய எழுத்துப்பெயர்ப்புக் கருவி ஒன்றில் முந்நூறு வரிக் கோப்பு ஒன்று இருந்தது. அதன் தலையில் எந்தக் குறிப்பும் இல்லை. முதல் வரியே நிரலாகத் தொடங்கியது. எங்களில் யாருடைய கையெழுத்தும் அதில் தெரியவில்லை. நாங்கள் நான்கு இடம் விட்டு எழுதுகிறவர்கள். அது மட்டும் டேப் விட்டு எழுதப்பட்டிருந்தது. நடுவில் ஓர் ஆங்கிலக் குறிப்புரையில் 'ரிசீவ்' என்ற சொல்லில் ஐ, இ என்ற எழுத்துகள் இடம் மாறிக் கிடந்தன. அந்தப் பிழையோடு அந்த வரியை அப்படியே இணையத்தில் தேடினேன். இரண்டாவது முடிவிலேயே மூலம் கிடைத்தது. மூலக் கோப்பின் தலையில் 28 வரிகள் இருந்தன: ஆசிரியர் பெயர், ஆண்டு, பழைய நான்கு விதி பி.எஸ்.டி. உரிமம். எங்களில் ஒருவர் கோப்பு நீளமாக இருக்கிறதென்று அந்த 28 வரிகளை அழித்திருக்கிறார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இருந்தாலும் ஒரு மனிதருடைய பெயரை அவருடைய உழைப்பின் தலையிலிருந்து நாங்கள் நீக்கியிருந்தோம். இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

அந்த நான்கு விதிகளில் ஒன்று, விளம்பரங்களில் மூல ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்பது. அது ஜி.பி.எல்.-ஓடு ஒத்துப்போகாது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் 1999 ஜூலை 22 அன்று அந்த விதியைக் கைவிட்டது உண்மைதான். ஆனால் அது அந்தப் பல்கலைக்கழகத்தின் நிரலுக்கு மட்டுமே பொருந்தும். அதே வாசகத்தைப் பயன்படுத்திய பிறருடைய நிரலில் விதி அப்படியே நிற்கிறது. எனவே அந்தக் கோப்பைப் படித்தே இராத நண்பர் ஒருவரிடம், அது என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துப் புதிதாக எழுதச் சொன்னோம். பழைய வெளியீடுகளின் பக்கத்தில் மூல ஆசிரியரின் பெயரையும் உரிமத்தையும் சேர்த்தோம். அவருக்கு விளக்கமாக ஒரு கடிதமும் எழுதினோம்.

நீங்களும், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியின் வரலாற்றிலிருந்து தொடங்குங்கள். ஒரே கமிட்டில் (ஒரே பதிவில்) முழுதாக வந்து இறங்கிய பெரிய கோப்புகளை முதலில் சந்தேகியுங்கள். சொந்தமாக எழுதுகிறவர் பெரும்பாலும் சிறிது சிறிதாகத்தான் எழுதுவார். ஸ்கேன்கோட், ஃபாசாலஜி என்ற கட்டற்ற கருவிகள் உரிம வாசகங்களைத் தேடித் தரும். ஆனால் எங்கள் கோப்பைப் போலத் தலை வெட்டப்பட்டவற்றில் அவற்றுக்குப் படிக்க ஒன்றும் இருக்காது. அவற்றுக்கு மனிதக் கண் வேண்டும். இனி வரும் ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும் உரிமத்தின் பெயரைச் சுருக்கமாகச் சொல்லும் எஸ்.பி.டி.எக்ஸ். அடையாளக் குறியை எழுதிவிடுங்கள். 2021 முதல் அது ஐ.எஸ்.ஓ. தரமாகவும் இருக்கிறது. எங்கிருந்து எடுத்தது, எந்தப் பதிப்பு, எந்த நாள், என்ன திருத்தம் என்ற நான்கையும் எடுத்த அன்றே கமிட் செய்தியில் எழுதுங்கள். மறுநாள் எழுதலாம் என்று விட்டால் எட்டாண்டு கழித்து உங்களைப் போலத்தான் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: லாஸ்பேட்டையில் ஆசிரியையாக இருக்கிறேன். தமிழ்த் தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் ஒன்றை என் மகன் எழுதியிருக்கிறான். பென் டிரைவில் பள்ளிகளுக்குத் தர விரும்புகிறோம். அதனோடு விண்டோஸில் உள்ள லதா எழுத்துருவையும் சேர்த்திருக்கிறோம். எல்லாக் கணினியிலும் இருப்பதுதானே என்று நினைத்தோம்.

பதில்: எல்லாக் கணினியிலும் இருப்பது என்பதும், யாரும் எடுத்துக் கொடுக்கலாம் என்பதும் வெவ்வேறு. லதா எழுத்துருவில் நீங்கள் வினாத்தாள் அச்சிடலாம். அந்த எழுத்துருக் கோப்பையே படியெடுத்துப் பிறருக்கு வழங்க விண்டோஸ் உரிமம் இடம் தருவதில்லை. இணையத்தில் 'இலவசம்' என்று தரவிறக்கக் கிடைக்கும் பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றுக்கும் இதைப் பொருத்திப் பாருங்கள்: விலையில்லை என்று சொல்லியிருப்பார்கள், மறுவிநியோகம் பற்றி ஒரு சொல்லும் இருக்காது.

உங்கள் தேவைக்கு லோஹித் தமிழ், நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை ஆகியவை இருக்கின்றன. இவை எழுத்துருக்களுக்கென்றே எஸ்.ஐ.எல். நிறுவனம் வகுத்த திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை, அதன் 1.1 பதிப்பு 2007-இல் வந்தது. எந்த மென்பொருளோடும் இவற்றைச் சேர்த்துத் தரலாம். அந்த மென்பொருளுக்கு விலை வைத்தாலும் குற்றமில்லை. எழுத்துருவை மட்டும் தனியே விற்கக் கூடாது. உரிமக் கோப்பையும் பதிப்புரிமை வரியையும் பென் டிரைவில் கூடவே வைக்க வேண்டும். தட்டச்சுப் பயிற்சிக்காக எழுத்தின் வடிவத்தை உங்கள் மகன் திருத்தினால், ஆசிரியர் ஒதுக்கி வைத்த பெயர் ஏதும் உண்டா என்று உரிமக் கோப்பின் முதல் பத்தியில் பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் திருத்திய எழுத்துருவுக்கு வேறு பெயர் சூட்ட வேண்டும். பிள்ளைகள் பார்க்கும் எழுத்துக்குப் பொறுப்பேற்பவர் யார் என்பது அப்போதுதான் மயங்காமல் இருக்கும்.

கேள்வி: தமிழ் விக்சனரியிலிருந்து சொற்பட்டியலையும் பொருளையும் எடுத்து எங்கள் அகராதிச் செயலியில் வைத்திருக்கிறோம். நிரல் முழுவதும் நாங்களே எழுதியது, எம்.ஐ.டி. உரிமத்தில் விட்டிருக்கிறோம். சொற்கள் தரவுதானே, அவற்றுக்கும் உரிமம் உண்டா? – நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: உண்டு. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2021 மார்ச் மாதம் நடந்தது ஒன்று போதும். ரூபி மொழியில் மைம்மேஜிக் என்று ஒரு சிறு லைப்ரரி இருந்தது. ஒரு கோப்பு படமா, ஒலியா, ஆவணமா என்று கண்டறிவது அதன் வேலை. அதன் உரிமம் எம்.ஐ.டி.; ஆனால் அதற்குள் ஜி.பி.எல். உரிமத்தில் வந்த எக்ஸ்.எம்.எல். தரவுக் கோப்பு ஒன்று இருந்தது. ஒருவர் அதைச் சுட்டிக்காட்டியதும், பராமரிப்பாளர் லைப்ரரியை ஜி.பி.எல்.-க்கு மாற்றி, பழைய பதிப்புகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். வலைச் செயலிகளை எழுத ரூபியில் பெரிதும் பயன்படும் ரெயில்ஸ் அந்த லைப்ரரியைச் சார்ந்திருந்ததால் உலகெங்கும் எத்தனையோ திட்டங்களை நிறுவ முடியாமல் போயிற்று. பிறகு அந்தத் தரவுக் கோப்பைத் தன்னுள் வைத்திருக்காத பதிப்பு வந்தது. ரெயில்ஸும் அந்தச் சார்பை விட்டு விலகியது. அத்தனைக்கும் காரணம் நிரலே இல்லாத ஒரே ஒரு தரவுக் கோப்பு.

வெறும் சொற்களின் அகரவரிசைக்குப் பதிப்புரிமை கோருவது கடினம். தொகுப்புக்கு உழைத்தேன் என்பது மட்டும் போதாது, அதில் ஓரளவேனும் தேர்வும் திறனும் இருக்க வேண்டும் என்று நம் உச்ச நீதிமன்றம் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் 2007-இல் சொன்னது. ஆனால் நீங்கள் எடுத்திருப்பது பொருள் விளக்கத்தையும் சேர்த்து. அதை ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார். விக்சனரியின் உரிமம் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல் – அதேபோல் பகிர்தல் வகை, அதாவது மூலத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், மாற்றியதையும் அதே உரிமத்தில் பகிர வேண்டும். 2023 முதல் அதன் 4.0 பதிப்பு. எனவே தரவைத் தனிக் கோப்புறையில் வைத்து, அதற்கு அந்த உரிமமே தொடர்கிறது என்று அங்கே எழுதுங்கள். விக்சனரிக்குத் தொடுப்பு கொடுங்கள்; எடுத்த நாளையும் நீங்கள் செய்த மாற்றங்களையும் குறிப்பிடுங்கள். நிரல் எம்.ஐ.டி. உரிமத்திலேயே இருக்கலாம். முழுச் செயலியும் எம்.ஐ.டி. என்று முகப்பில் எழுதியிருப்பதை மட்டும் திருத்திவிடுங்கள்.

கேள்வி: நிரலாளர்களின் கேள்வி–பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவிலிருந்து பத்து வரி எடுப்பதற்கும், செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைச் சேர்ப்பதற்கும் இவ்வளவு பார்க்க வேண்டுமா? – சிதம்பரம் மாணவி

பதில்: முதலாவதற்கு நிச்சயம் பார்க்க வேண்டும். அங்கே எழுதப்படுபவையும் மேலே சொன்ன அதே கிரியேட்டிவ் காமன்ஸ் வகையில்தான் வெளியாகின்றன. 2018 மே 2 முதல் எழுதப்பட்டவை 4.0 பதிப்பு, அதற்கு முந்தையவை பழைய பதிப்புகள். இது வெறும் எண் வேறுபாடு என்று எண்ண வேண்டாம். 4.0-இல் உள்ளதை ஜி.பி.எல். 3 திட்டத்துக்குள் கொண்டுவரலாம் என்று கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2015-இல் அறிவித்தது. பழைய பதிப்புகளுக்கு அந்த வழி கிடையாது. ஜி.பி.எல்.-லிருந்து திரும்பி வரவும் வழியில்லை, அது ஒருவழிப்பாதை. விடையைப் படித்துப் புரிந்துகொண்டு, அந்தப் பக்கத்தை மூடிவிட்டு, உங்கள் சொந்த நடையில் எழுதுவதையே நான் என் மாணவர்களுக்குச் சொல்லிவருகிறேன். வரிகளையே எடுப்பதானால் தொடுப்பையும் விடையளித்தவர் பெயரையும் குறிப்புரையில் எழுதுங்கள்.

கருவி எழுதித் தருவதைப் பொறுத்தவரை, நீங்கள் பங்களிக்கும் திட்டம் என்ன விதி வைத்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். கட்டற்ற இயங்குதளத் திட்டங்களான ஜென்டூவும் நெட்பி.எஸ்.டி.யும் 2024-இல் இதற்கு விதி வகுத்தன: ஜென்டூ அத்தகைய நிரலை ஏற்பதில்லை என்றும், நெட்பி.எஸ்.டி. முன்அனுமதி இல்லாமல் சேர்க்கக் கூடாது என்றும் அறிவித்தன. அனுமதிக்கும் திட்டமானாலும், கருவி தந்த நீண்ட பகுதி எங்கோ இருக்கும் ஒருவருடைய நிரலின் படியாக இருந்தால் பொறுப்பு உங்களையே சேரும். கருவியைப் பயன்படுத்தியதைக் கமிட் செய்தியில் ஒளிக்காமல் எழுதிவிடுவது பின்னால் தேடுகிறவருக்கு உதவும்.

கேள்வி: வணிக நோக்கமின்றி மட்டும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் நல்ல படங்கள் கிடைக்கின்றன. நாங்களும் காசு வாங்குவதில்லை. சேர்க்கலாமா? – பண்ருட்டி வாசகர்

பதில்: நீங்கள் வாங்கவில்லை, உங்களிடமிருந்து எடுத்துக்கொள்கிறவர் வாங்கலாம் என்று உங்கள் கட்டற்ற உரிமம் சொல்கிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்க முடியாது. சேர்க்க வேண்டாம்.

கேள்வி: புதுச்சேரியில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். அலுவலகத்தில் எழுதிய சிறு பயன்பாட்டு நிரல் ஒன்றை, நான் மாலை நேரத்தில் பங்களிக்கும் கட்டற்ற திட்டத்துக்குத் தர விரும்புகிறேன். எழுதியது நான்தானே?

பதில்: எழுதியது நீங்கள், உரிமை உங்களுடையதாக இருக்க வாய்ப்பில்லை. வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, முதலாளியே முதல் உரிமையாளர் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. மாலையில் உங்கள் சொந்தக் கணினியில் எழுதியவற்றையும் நிறுவனம் கோரும்படி சில பணி ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள்; உங்கள் ஒப்பந்தத்தை எடுத்து அந்தப் பத்தியைப் படியுங்கள். லினக்ஸின் கருப்பகுதியான லினக்ஸ் கெர்னலில் 2004 முதல் ஒவ்வொரு பங்களிப்பின் கீழும் 'சைன்ட்-ஆஃப்-பை' என்று பெயரெழுதச் சொல்கிறார்கள். இதைத் தர எனக்கு உரிமை இருக்கிறது என்று பங்களிப்பவர் தரும் உறுதிமொழி அது. உங்கள் திட்டத்திலும் அந்த வழக்கம் இருந்தால், உரிமை இல்லாத ஒன்றின் கீழ் உங்கள் பெயரை எழுத நேரும்.

மேலாளரிடம் நேரே கேளுங்கள். எந்த நிரல், எந்தத் திட்டத்துக்கு, எந்த உரிமத்தில் என்ற மூன்றையும் குறிப்பிட்டு, நிறுவனத்தின் தலைப்புத்தாளில் அனுமதிக் கடிதமாக வாங்குங்கள். வாய்ச்சொல்லாகச் சம்மதித்த மேலாளர் ஆறு மாதத்தில் வேறு நிறுவனத்துக்குப் போய்விடலாம். கடிதம் கைக்கு வந்த பிறகு முதல் கமிட்டைச் செய்யுங்கள். பதிப்புரிமை வரியில் நிறுவனத்தின் பெயரையும், ஆசிரியர் என்ற இடத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.